‘தீங்கு செய்யாதே’ என்ற ஒரு விதி போதாதா?

ஜனவரி 6, மாலை – ஒரு வாசகரின் கேள்வி

மருத்துவப் படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். அறநெறிப் பாடத்தில் நான்கு கோட்பாடுகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள்: நோயாளியின் தன்னாட்சி (தம் உடலைப் பற்றித் தாமே முடிவெடுப்பது), நன்மை செய்தல், தீங்கிழையாமை, நீதி. தீங்கிழையாமை ஒன்றே போதும் என்பது என் கட்சி. தீங்கு செய்யக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிற மருத்துவர் தானாகவே நோயாளியை மதிப்பார், நல்லதைச் செய்வார், பாரபட்சம் காட்ட மாட்டார். மற்ற மூன்றும் தேர்வுக்காகச் சேர்த்த அலங்காரம். மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

ஜனவரி 6, இரவு

நான் மயக்கவியல் மருத்துவன். என் வேலையைத் தீங்கிழையாமை என்ற அளவுகோலை மட்டும் வைத்துப் பாருங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவருடைய நினைவைப் போக்குகிறேன்; தசைகளைத் தளர்த்தும் மருந்தைச் செலுத்தி அவருடைய மூச்சை நிறுத்துகிறேன்; தொண்டை வழியாக மூச்சுக்குழலுக்குள் குழாயைச் செருகுகிறேன். அதன் பிறகு இன்னொருவர் கத்தியை எடுக்கிறார். தெருவில் யாராவது இவற்றைச் செய்தால் சிறைக்குப் போவார்கள். அறுவை அரங்கில் இவை சிகிச்சை ஆவதற்குக் காரணங்கள் இரண்டு: கிடைக்கப்போகிற நன்மை பெரிது என்பது ஒன்று, படுத்திருப்பவர் தெரிந்தே அதற்குச் சம்மதித்திருக்கிறார் என்பது மற்றொன்று. நீங்கள் அலங்காரம் என்று ஒதுக்கிய மூன்றில் இரண்டு, முதல் ஊசி போடுவதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டன.

‘முதலில் தீங்கு செய்யாதே’ என்ற வாசகம் பண்டைய கிரேக்க மருத்துவர் ஹிப்போக்ரட்டீஸின் உறுதிமொழியில் அப்படியே இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவர் பெயரால் வழங்கும் ‘கொள்ளை நோய்கள்’ என்ற நூலில், உதவு அல்லது குறைந்தபட்சம் தீங்காவது செய்யாதிரு என்ற பொருளில் ஓர் அறிவுரை வருகிறது. அங்கேயும் உதவிதான் முதலில் நிற்கிறது.

ஜனவரி 7

கேள்வி கேட்டவர் தம் கட்சியைத் திருத்திக்கொண்டு வந்திருக்கிறார்: தீங்கு என்றால் நன்மையைக் கழித்த பிறகு மிஞ்சும் தீங்கு என்கிறார். நியாயமான திருத்தம். ஆனால் கழிப்பவர் யார்?

குரல்வளைப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். நோய் முற்றிய நிலையில் குரல்வளையை முழுவதுமாக அகற்றினால் உயிர் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல், இயல்பான குரல் போய்விடும். கதிர்வீச்சு கொடுத்தால் குரல் தங்கும், ஆயுள் குறையக்கூடும். 1981இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், தீயணைப்பு வீரர்களும் நிறுவன நிர்வாகிகளுமான 37 ஆரோக்கியமானவர்களிடம் இந்தத் தேர்வை வைத்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஆயுள் குறைந்தாலும் குரல் வேண்டும் என்றார்கள். இதில் எது மிஞ்சும் தீங்கு என்று எந்தப் பரிசோதனைக் கூடமும் அறிக்கை தர முடியாது. ஒருவருடைய வாழ்க்கையில் குரலின் எடை எவ்வளவு என்பதை அவரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே தீங்கைக் கணக்கிடவே தன்னாட்சி தேவைப்படுகிறது என்பதுதான் இந்த இழையில் நான் வைக்கும் வாதம்.

இதற்கு நீதிமன்றத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்த்த மான்ட்கொமரி வழக்கில், உயரம் குறைந்த, நீரிழிவு உள்ள ஒரு கர்ப்பிணிக்கு, பிரசவத்தின்போது குழந்தையின் தோள் சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு 9 முதல் 10 சதவீதம் வரை இருந்தது. மருத்துவர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் பெண்கள் சிசேரியனையே கேட்பார்கள், அது அவர்களுக்கு நல்லதில்லை என்பது அவருடைய விளக்கம். தோள் சிக்கியது, குழந்தை மூளை முடக்குவாதத்தோடு வாழ வேண்டியதாயிற்று. அந்த நிலையில் இருக்கும் ஒரு நோயாளி எந்த ஆபத்தை முக்கியமாகக் கருதுவாரோ அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை, பொறுப்பான மருத்துவர்களின் வழக்கம் எதுவோ அதுவே சொல்ல வேண்டியதன் எல்லையாக இருந்தது. கவனியுங்கள், அந்த மருத்துவர் அலட்சியமானவர் அல்லர்; நோயாளிக்கு நல்லது செய்கிறோம் என்று நம்பியே மௌனமாக இருந்தார்.

ஜனவரி 9

சம்மதம் என்றதும் எல்லோரும் படிவத்தைப் பற்றியே எழுதுகிறீர்கள். படிவம் எப்படி நிரம்புகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்.

இடுப்பெலும்பு முறிந்து மறுநாள் அறுவைக்குக் காத்திருந்த ஓர் அம்மையாரை முந்தைய மாலை பார்க்கப் போனேன். கோப்பில் ஒப்புதல் படிவம் ஏற்கெனவே இருந்தது: பொடி எழுத்தில் இரண்டு பக்கம், ஆபத்துகளுக்கான கட்டத்தில் ‘விளக்கப்பட்டது’ என்ற ஒரே சொல், கீழே கோணலாக ஒரு கையெழுத்து. நாளை உங்களுக்கு என்ன செய்யப் போகிறார்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் அம்மா என்றேன். “அது உங்களுக்குத்தானே தெரியும், என்னைக் கேட்டால்?” என்றார். பிறகு உட்கார்ந்து பேசினோம். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போகும், ஆனால் விழித்திருக்கலாம் என்பது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. நடுவில் வலி தெரிந்துவிடுமோ என்று அவர் பயந்துகொண்டிருந்ததை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

எல்லாம் முடிந்து நான் எழுந்தபோதுதான் உண்மையான கேள்வி வந்தது. பல்செட்டை எங்கே கழற்றுவீர்கள் என்று கேட்டார். பல்லில்லாத முகத்தை மகனும் மருமகளும் பார்த்ததே கிடையாதாம். வார்டிலேயே கழற்றி டப்பாவில் போட்டு உறவினர் கையில் கொடுப்பதுதான் நடைமுறை. மறுநாள் அரங்கின் கதவுக்கு உட்புறம் வந்த பிறகு கழற்றி, மீட்பு அறையிலேயே திரும்பப் பொருத்த ஏற்பாடு செய்தோம். செலவு ஒன்றுமில்லை. படிவத்தில் அச்சிட்ட ஆபத்துப் பட்டியல் எதிலும் இந்தத் தீங்கு இருக்காது. அவருடைய பட்டியலில் அது எலும்புக்குச் சமமான இடத்தில் இருந்தது.

ஜனவரி 9, சற்றுப் பின்னர்

இன்னொன்று. பதற்றம் தணிக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, அரங்குக்குத் தள்ளிச் செல்லும் வழியில் படிவத்தை நீட்டுகிற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அந்தக் கையெழுத்து செல்லாது. மருந்தின் மயக்கத்தில் இருப்பவர் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் ஏற்பீர்களா?

ஜனவரி 10

செவிலியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மருத்துவர் போன பிறகு படிவத்தைக் கொடுத்து, கையெழுத்து வாங்கி, சாட்சியாக என்னையும் கையெழுத்திடச் சொல்கிறார்கள். நான் எதற்குச் சாட்சி?”

பெரும்பாலான படிவங்களில் நீங்கள் பேனா எழுதியதற்குச் சாட்சி. கேலி இருக்கட்டும், சாட்சிக் கையெழுத்து உறுதிப்படுத்துவது, இன்னார் தம் விருப்பத்தோடு என் முன்னால் கையெழுத்திட்டார் என்பதை மட்டுமே. விளக்கும் பொறுப்பு, சிகிச்சையைச் செய்பவருக்கோ அதை விளக்கும் அளவுக்கு அறிந்து, அந்தப் பணி ஒப்படைக்கப்பட்டவருக்கோ உரியது. நோயாளி உங்களிடம் கேட்கும் கேள்வியிலிருந்தே அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தால், படிவத்தை அப்படியே நிறுத்திவைத்து மருத்துவரை மறுபடி அழைப்பது உங்கள் கடமை. அதைக் கீழ்ப்படியாமை என்று திட்டுகிறவர் அறநெறியைப் பற்றிப் பேசத் தகுதியற்றவர். இந்த நான்கு கோட்பாடுகளும் மருத்துவருக்கு மட்டும் எழுதப்பட்டவை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அறிக்கையை வேறொருவர் கையில் கொடுக்கும் ஆய்வகப் பணியாளருக்கும், மருந்துச் சீட்டை உரக்கப் படிக்கும் மருந்தாளுநருக்கும் அவை பொருந்தும்.

ஜனவரி 12

“அப்பாவிடம் புற்றுநோய் என்று சொல்லிவிடாதீர்கள், தாங்கமாட்டார்.” வார்டுக்கு வெளியே மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லாத குடும்பம் அரிது. இதையும் தீங்கிழையாமை என்றுதான் சொல்கிறார்கள், கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டும்.

இந்த வழக்கம் ஏதோ ஒரு பண்பாட்டுக்கே உரியது என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். 1961இல் சிகாகோவின் ஒரு மருத்துவமனையில் மருத்துவர்களைக் கேட்டபோது, 90 சதவீதம் பேர் புற்றுநோயை நோயாளியிடம் சொல்வதை விரும்பவில்லை. 1979இல் அமெரிக்காவில் ஏறத்தாழ அதே கேள்விகளோடு மறுபடி கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்பினார்கள். பதினெட்டே ஆண்டுகள். இந்த இடைவெளியில் சிகிச்சைகள் மேம்பட்டன, சம்மதம் பற்றிய சட்டம் வளர்ந்தது, நோயாளிகள் கேட்கத் தொடங்கினார்கள். மனித மனம் திடீரென்று தாங்கும் வலிமை பெற்றுவிடவில்லை.

உறவினருடைய சம்மதத்தின் எல்லையைப் பற்றி இந்திய உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் தெளிவாகச் சொன்னது. உள்நோக்கிக் கருவி வழியாக நோயைக் கண்டறியும் சோதனைக்கு மட்டும் ஒப்புதல் தந்து மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த அவருடைய தாயிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு கருப்பையும் சூலகங்களும் அகற்றப்பட்டன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தாமே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த பெண்ணுக்காகத் தாய் தரும் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். கண்விழித்ததும் அவரைக் கேட்டிருக்கலாம். மயக்க மருந்து கொடுப்பவனாக அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும் இடம் அதுதான், ஏனென்றால் அவர் கண்விழிக்கும் நேரம் எங்கள் கையில் இருக்கிறது.

ஜனவரி 13

நேற்றைய குறிப்பை இரவெல்லாம் அசைபோட்டேன். அதைப் படிப்பவர்கள் நேரே வார்டுக்குள் போய் முகத்துக்கு நேராக நோயின் பெயரைச் சொல்லிவிட்டு வருவதுதான் அறம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தெரிந்துகொள்ள விரும்பாமல் இருப்பதும் நோயாளியின் உரிமையே. ஆனால் அந்த விருப்பத்தை அவர் தெரிவிக்க வேண்டும். மகன் தெரிவிக்கக் கூடாது.

நான் கையாளும் வழி இது. முதலில் மகனிடம், உங்கள் அப்பா கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், கேட்காததைத் திணிக்கவும் மாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன். பிறகு நோயாளியிடம் கேட்கிறேன்: “உங்கள் சோதனை முடிவுகளை எவ்வளவு விவரமாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? உங்களிடமே பேசட்டுமா, வேறு யாரிடமாவது பேசச் சொல்கிறீர்களா?” மகனிடம் பேசுங்கள் என்று அவரே சொன்னால், மகனிடம் பேசுவதும் தன்னாட்சியை மதிப்பதே. பலருக்கு நோய் என்னவென்று முன்பே தெரிந்திருக்கிறது என்பது வேறு விஷயம். குடும்பம் தாங்காது என்று அவர்கள் மறைக்கிறார்கள், அவர் தாங்கமாட்டார் என்று குடும்பம் மறைக்கிறது. நடுவில் நாங்கள் நாடகத்துக்குத் திரை இழுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜனவரி 16

“நோயாளி முட்டாள்தனமாக முடிவெடுத்தால்?” என்ற கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்திருக்கிறது.

முடிவு முட்டாள்தனமாகத் தெரிவதும், முடிவெடுக்கும் திறன் இல்லாதிருப்பதும் வெவ்வேறு. திறன் இருக்கிறதா என்று பார்க்கும்போது நாம் சோதிப்பவை: சொன்னதைப் புரிந்துகொள்கிறாரா, அது தமக்குப் பொருந்துவதை உணர்கிறாரா, மனத்தில் வைத்து எடைபோடுகிறாரா, முடிவைத் தெரிவிக்க முடிகிறதா. மனநோய் என்ற முத்திரை மட்டும் திறனைப் பறித்துவிடாது. 1993இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. பாதுகாப்பு மிகுந்த மனநல மருத்துவமனையில் இருந்த, மனச்சிதைவு நோய் உள்ள 68 வயதுக்காரர். தாம் உலகப் புகழ்பெற்ற மருத்துவராக இருந்தவர் என்ற பிரமையும் அவருக்கு உண்டு. அவருடைய காலில் தசை அழுகல். முழங்காலுக்குக் கீழே எடுக்காவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு 15 சதவீதமே என்றார்கள். மறுத்தார். அவருக்கு இந்த முடிவை எடுக்கும் திறன் இருக்கிறது என்று நீதிமன்றம் ஏற்றது. காலும் உயிரும் இரண்டும் தப்பின. அவர் இறந்திருந்தாலும் தீர்ப்பு சரியானதாகவே இருந்திருக்கும் என்பதால், இந்த இன்பமான முடிவை நான் வாதமாக வைக்கவில்லை.

கனடாவில் விபத்தில் நினைவிழந்து வந்த ஒரு பெண்ணின் பணப்பையில், யெகோவாவின் சாட்சியாகிய (ரத்தம் ஏற்றிக்கொள்வதை மறுக்கும் கிறிஸ்தவப் பிரிவு) எனக்கு எந்த நிலையிலும் ரத்தம் ஏற்றக் கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்ட அட்டை இருந்தது. மருத்துவர் ரத்தம் ஏற்றினார்; அந்தப் பெண் பிழைத்தார்; பிழைத்து வழக்குத் தொடுத்தார். 1990இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 20,000 டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது. இந்த வழக்கைச் சொன்னால் எங்கள் அரங்கில் பாதிப் பேர் கோபப்படுகிறார்கள். உயிரைக் காப்பாற்றியதற்கா தண்டனை என்கிறார்கள். எனக்கும் இதில் நெருடல் இருக்கிறது. ஆனாலும் அந்த அட்டையை மீறலாம் என்றால், நினைவிழந்த நொடியிலேயே ஒருவருடைய சொல் காலாவதியாகிவிடும் என்று ஆகிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை ஏறத்தாழ முழுமையானது. இதைக் கொடு என்று கேட்கும் உரிமை அப்படியில்லை. வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் கேட்பவருக்கு அதை மறுப்பது தன்னாட்சியை மீறுவதாகாது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும்போது விலை கொடுக்கப்போவது அந்த அறையில் இல்லாத வேறு நோயாளிகள்.

ஜனவரி 20

இரண்டு வாரமாக ஒரே கட்சியில் நிற்கும் நம் மாணவருக்கு, என்னிடம் உள்ள மிக வலுவான எதிர்வாதம் இது. அமெரிக்காவின் டஸ்கீகி நகரில் 1932 முதல் 1972 வரை பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வை நடத்தியது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் உள்ள 399 கறுப்பின ஆண்கள், அந்நோய் இல்லாத 201 பேர். நோயின் உண்மையான பெயரோ ஆய்வின் நோக்கமோ அவர்களிடம் சொல்லப்படவில்லை. 1940களின் இறுதிக்குள் பெனிசிலின் வழக்கமான சிகிச்சையாகிவிட்ட பிறகும் அது அவர்களுக்குத் தரப்படவில்லை. நோயை யாரும் ஊசி வழியாக ஏற்றவில்லை. ஏற்கெனவே இருந்த நோய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘நாங்கள் எதுவும் செய்யவில்லையே’ என்று சொல்லிக்கொள்ள இதைவிட வசதியான ஆய்வு வேறு இருக்க முடியாது. அங்கே மறைத்ததும் கொடுக்காமல் விட்டதும் ஏழைகளைத் தேர்ந்தெடுத்ததும் ஆகிய மூன்றுமே குற்றங்கள், மூன்றுமே உங்கள் ‘அலங்கார’க் கோட்பாடுகளின் கீழ் வருபவை.

இந்த ஆய்வு அம்பலமான பிறகு அமைக்கப்பட்ட ஆணையமே, மனிதர்களை வைத்து நடத்தும் ஆய்வுகளுக்கான அறநெறியைச் சொல்லும் பெல்மான்ட் அறிக்கையை 1979இல் வெளியிட்டது. பீச்சம், சில்ட்ரெஸ் இருவரும் நான்கு கோட்பாடுகளை முன்வைத்த நூலும் அதே ஆண்டில்தான் வந்தது. அவற்றுக்கு முன்பே, அத்தகைய ஆய்வுகளுக்கான நெறிகளாக 1947இல் நியூரம்பர்க் நெறிகள், 1964இல் ஹெல்சிங்கி பிரகடனம். இருந்தும் டஸ்கீகி ஓடிக்கொண்டிருந்தது. 1966இல் ஹென்றி பீச்சர், ஒப்புதலின்றி மனிதர்களை ஆபத்துக்கு உள்ளாக்கிய 22 ஆய்வுகளை ஒரு கட்டுரையில் அடுக்கினார். அவர் மயக்கவியல்காரர் என்பதைச் சொல்லாமல் போனால் எங்கள் துறை என்னை மன்னிக்காது.

ஜனவரி 21

நீதி என்ற நான்காவதை யாருமே தொடவில்லை. ஆள் குறைவாக இருக்கும் இரவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நின்று பார்த்தால் மற்ற மூன்றையும்விட அதுதான் முதலில் வந்து நிற்கும்: ஒரே படுக்கை, இரண்டு பேர்.

1960இல் ஸ்க்ரிப்னர் என்ற மருத்துவர் கண்டறிந்த இணைப்புக் குழாயால் நீண்டகால டயாலிசிஸ் சாத்தியமானபோது, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கருவிகள் மிகக் குறைவு. யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தார்கள். பெரும்பாலோர் மருத்துவர் அல்லாத பொதுமக்கள். மருத்துவப் பொருத்தம் பார்த்த பிறகு, திருமணமானவரா, எத்தனை பேர் அவரை நம்பி வாழ்கிறார்கள், வருமானம் என்ன, தேவாலயத்துக்குப் போகிறாரா என்றெல்லாம் அவர்கள் எடைபோட்டார்கள். 1962இல் ஒரு பத்திரிகைக் கட்டுரை வழியாக இது வெளியே வந்தபோது நாடே திடுக்கிட்டது. அந்த ஏழு பேரும் கொடியவர்கள் அல்லர். கையில் விதி இல்லாமல் உட்கார வைக்கப்பட்ட நல்லவர்கள், தங்களைப் போன்றவர்களையே தகுதியானவர்களாகப் பார்த்தார்கள். பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு, அவசரம் எவ்வளவு என்பவற்றை முன்கூட்டியே எழுதி வைத்து, எல்லோருக்கும் தெரியும்படி அறிவித்து, முடிவெடுத்தவரே விளக்கம் சொல்ல வேண்டும் என்று கட்டுப்படுத்துவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 25

வென்டிலேட்டரை (செயற்கை சுவாசக் கருவியை) நிறுத்துவது கொலையா, தொடங்காமல் இருப்பது மட்டும் சரியா என்று கேட்டிருக்கிறார்கள். அறநெறி நோக்கில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்பதே பரவலாக ஏற்கப்பட்ட நிலை. பயனற்றதைத் தொடங்காமல் இருக்கலாம் என்றால், பயனற்றுப்போனதை நிறுத்தவும் செய்யலாம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. ஆனால் கையை நீட்டி நிறுத்துகிறவனுக்கு இரண்டும் ஒன்றாகத் தோன்றுவதில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். நிறுத்த முடியாது என்ற பயம் இருந்தால், சோதனை முறையில்கூடச் சிகிச்சையைத் தொடங்கத் தயங்குவார்கள். பிழைத்திருக்கக்கூடிய சிலர் அதனால் வாய்ப்பை இழப்பார்கள். எனக்குத் தெளிவு தந்த காரணம் இதுதான்.

ஜனவரி 26

இரகசியம் காப்பது பற்றிச் சுருக்கமாக. மின்தூக்கியில் பேசாதீர்கள். ஸ்கேன் படத்தைக் கைப்பேசியில் எடுத்துக் குழுவில் போடும்போது ஓரத்தில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கணவர் கேட்டாலும் மனைவியின் அறிக்கை மனைவியுடையது. விதிவிலக்கு உண்டு: இன்னாரைக் கொல்லப்போகிறேன் என்று சிகிச்சையாளரிடம் ஒருவர் சொன்னால், ஆபத்தில் இருப்பவரைக் காக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 1976இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் தாராசாஃப் வழக்கில் சொன்னது. அப்படிப்பட்ட அபூர்வ நிலையைக் காட்டி மின்தூக்கிப் பேச்சை யாரும் நியாயப்படுத்த வேண்டாம்.

பிப்ரவரி 2

மாணவர் திரும்ப வந்திருக்கிறார்: “சரி, நான்கும் வேண்டும். மோதினால் எது முதலில்?”

நான்கை முன்வைத்தவர்களே அவற்றுக்கு வரிசை எண் தரவில்லை. ஒன்றை மீற வேண்டி வந்தால், மீறாமல் இருக்க வழியே இல்லையா என்று பார்த்து, முடிந்தவரை குறைவாக மீறி, மீறப்பட்டவருக்குக் காரணம் சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும். விபத்தில் நினைவிழந்து வருபவரிடம் அட்டையும் இல்லை, உறவினரும் இல்லை என்றால், யாரையும் கேட்காமல்தான் குழாய் போடுகிறேன், ரத்தம் ஏற்றுகிறேன், அறுவைக்கு அனுப்புகிறேன். உயிரைக் காக்கத் தேவையானது வரை மட்டும். காத்திருக்கக்கூடிய எதையும் அந்தச் சாக்கில் சேர்த்துச் செய்வதில்லை. அவர் கண்விழித்து, குழாயை எடுத்து, பேசத் தொடங்கியதும் என்ன செய்தோம், ஏன் அவரைக் கேட்காமல் செய்தோம் என்று சொல்லிவிட்டு, அடுத்த சிகிச்சைக்கு அவரையே கேட்கிறேன். சிலர் நன்றி சொல்கிறார்கள். ஒருவர் என்னோடு கடுமையாகச் சண்டை போட்டார். அடுத்த அறுவைக்கு ஒப்புக்கொள்ளவும் இல்லை. அதையும் கோப்பில் எழுதி, வலிக்கான மருந்தைத் தொடரச் சொல்லிவிட்டு வந்தேன்.